ஒரு மணிக்குள் போக வேண்டிய லிப்ட்

உள் கம்ப்யூட்டரின் மூலையில் நெட் இருப்பதைக் காட்டும் உருண்டைப் படத்தின் மேல் தடைக் குறி விழுந்துவிட்டது. லிப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். குறி அப்படியே இருந்தது.

வெளிக் கம்ப்யூட்டரில் நெட் ஜோராக ஓடியது. எங்கோ ஒரு ஊரில் மழை பெய்வதைக்கூட வேலைமெனக்கெட்டுச் சொன்னது. ஆனால் அதன் வயிற்றுக்குள் விண்டோஸ் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். தொட்டுப் பார்க்க முடியாது, பிடிவாதம் மட்டும் நிஜமாகவே இருக்கும். அதற்குள்தான் நெட் இல்லை. வரைபட மென்பொருளும் அதற்குள்தான். அதுவோ, நெட் வழியாகக் கம்பெனியிடம் அனுமதி வாங்காமல் ஒரு கோட்டைக்கூடக் கண்ணில் காட்டாது.

அவர் லிப்ட் ஓட்டுபவர் அல்ல, வரைபவர். ஆனாலும் தெருவுக்கே அவர் லிப்ட்காரர்தான்; எதிர்க் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோனால் அவரைத்தான் முறைப்பார்கள். இன்று, திங்கட்கிழமை, மதியம் ஒரு மணிக்குள் ஓர் ஆஸ்பத்திரி லிப்டின் வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்று மாதமாக அவருக்கு வந்த வேலை இது ஒன்றுதான்.

மணி ஒன்பதே கால்.

அடுத்த அறையில் மனைவி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவளும் வரைபவள்தான். இவர் லிப்ட், அவள் படிக்கட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம் அவள் தம்பி. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் கில்லாடி, அதை மறைத்துவைக்கும் வழக்கமும் அவனுக்கு இல்லை.

"அவன் இல்லேன்னா உங்களுக்கு ஒரு ஒயரக்கூட ஒழுங்கா சொருகத் தெரியாது" என்று அவள் சொன்னாள்.

"இனிமே உன் தம்பிய உதவிக்குக் கூப்பிட்டேன்னா என் பேர மாத்தி வச்சுக்க" என்று இவர் சொன்னார். அத்தோடு சரி.

வழக்கமாகக் காலையில் அவள் வரைவாள். இவர் சமையல், துணி, கடை. மதியத்துக்கு மேல் இவர் வரைவார், அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். இன்று "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை. ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பு அநாதையாகக் கிடந்தது.

மச்சினனைக் கூப்பிடுவதா? உயிரே போனாலும் மாட்டார். இந்த உள் கம்ப்யூட்டரே அவர் கைவேலைதான். போன வருடம் மச்சினன் தன் அக்காவுக்கு அமைத்துக்கொடுத்ததை, அவனை எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று, இவரே அப்படியே காப்பி எடுத்துத் தன்னுடையதில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

உள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். தடைக் குறி மறைந்தது.

"அப்படி வா வழிக்கு."

அடுத்த அறையிலிருந்து "சே!" என்று ஒரு சத்தம் கேட்டது. நமக்குச் சரியானதுகூட இவளுக்குப் பொறுக்கவில்லை என்று மனதுக்குள் கறுவினார். ஐந்தே நிமிடம். லிப்டின் கதவு திரையில் திறக்கும்போதே குறி திரும்ப வந்துவிட்டது.

கோளாறு பார்க்கும் கருவியை ஓட்டினார். அது நெடுநேரம் யோசித்துவிட்டு, பிரச்சினை எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

"எனக்கும் அதேதான்டா" என்றார்.

பாதுகாப்புச் சுவரை அணைத்தார். நெட்வொர்க் கார்டை முடக்கி, மறுபடி உயிர்ப்பித்தார். நெட் வந்தது. அடுத்த அறையில் யாரோ மேசையைக் குத்தினார்கள். இரண்டு நிமிடத்தில் நெட் போனது.

தொண்டை வறண்டு சமையலறைக்குப் போனார். அவளும் கையில் போனோடு தண்ணீர் பிடிக்க வந்தாள். இருவருக்கும் நடுவில் பூனை உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் மேனேஜர். எல்லார் குறையையும் கேட்டுக்கொள்ளும், எதுவும் செய்யாது.

"மேனேஜர், சில பேரு காலையிலேர்ந்து எதையோ நோண்டிக்கிட்டே இருக்காங்க. ஒரு மனுஷி நிம்மதியா வேலை பாக்க வேணாமா?" என்றாள் அவள், பூனையைப் பார்த்து.

"மேனேஜர், சில பேரு ஒரு மணிக்குள்ள ஆஸ்பத்திரி லிப்ட்ட அனுப்பலேன்னா பொழப்பு போயிடும். அது புரியாம சில பேரு போன்ல அரட்டை அடிக்கிறாங்க" என்றார் இவர்.

"மேனேஜர், அது அரட்டை இல்ல."

"மேனேஜர், உன்ன யாராவது கேட்டாங்களா?"

மேனேஜர் வாலை நக்கிக்கொண்டது. இரண்டு கதவுகளும் படார் படாரென்று சாத்திக்கொண்டன.

பதினொன்றரைக்கு, ஹாலுக்குப் போய் ரௌட்டரின் பிளக்கையே பிடுங்கினார்.

"யாரு அது நெட்ட அணைச்சது?" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மேனேஜர், உன்னத்தான் கேக்குறாங்க" என்றார் இவர்.

திரும்பச் சொருகினால் வெளிக் கம்ப்யூட்டரிலும் நெட் இல்லை. பிளக்கை வேறு துளையில் சொருகியிருந்தார். ஒரு ஒயரைக்கூட என்று வெள்ளிக்கிழமை அவள் சொன்னது நினைவுக்கு வந்து காது சுட்டது. சத்தம் போடாமல் மாற்றிச் சொருகினார். பிறகு யாரோ ஒருவரின் வீடியோவைப் பார்த்து நாலு எண்களைக் கையால் மாற்றினார், எதற்கென்று தெரியாமலே. ஒரு நிமிடம் வந்த நெட்டும் அதோடு போனது; எண்களைப் பழையபடியே வைத்தும் வரவில்லை.

மணி பன்னிரண்டரை.

கடைசியாக ஒரு வழி இருந்தது. உள் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டி திறந்தது. கடைசியாகச் சேமித்த நிலை: வியாழக்கிழமை மாலை.

வியாழக்கிழமை. அன்று அவள் படிக்கட்டு ஒன்று முடிந்த சந்தோஷத்தில் பாடிக்கொண்டே துணி மடித்தாள். பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் அந்த நாளுக்குப் போய்விடும். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் வரைந்த லிப்ட் கதவு அழிந்துபோகும். அது அழிந்தால் ஒரு மணிக்கு அனுப்ப என்ன இருக்கும்? எவ்வளவு நேரம் மவுஸில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. அவளோடு பேசாத மூன்று நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

விரலை எடுத்தார். போனை எடுத்தார்.

"சொல்லுங்க அத்தான்" என்றான் மச்சினன். அவன் குரலில் ஆச்சரியமே இல்லை.

"என் பேர மாத்திக்கலாம்னு இருக்கேன்டா."

"அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். ஒன்பதே காலுக்கு ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ஆமா."

"பதினொன்றரைக்கு ரௌட்டர புடுங்கினீங்களா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"போன வருஷம் நீங்க காப்பி எடுத்தப்போ, அக்கா மெஷினோட நெட்வொர்க் நம்பரும் சேர்ந்தே வந்திருச்சு. ரெண்டுக்கும் ஒரே நம்பர். இத்தனை நாளா அவ காலையில, நீங்க மத்தியானம், அதனால தெரியல. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்துட்டீங்க. நீங்க உள்ள வந்தா அவ வெளிய. அவ உள்ள வந்தா நீங்க வெளிய."

லிப்ட்காரருக்கு அந்தச் "சே"யும் மேசைக் குத்தும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்ப அவ போன்ல பேசிக்கிட்டிருந்தது..."

"என்கிட்டதான்."

"இப்ப என்னடா பண்றது?"

"நம்பர மாத்தணும். ஆனா இந்தப் பதட்டத்துல நீங்க எதையும் தொடாதீங்க. இப்போதைக்கு யாராவது ஒருத்தர் அணைச்சாப் போதும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. மூன்று மாதமாக அவள் வரைந்த படிக்கட்டுகளில்தான் இந்த வீடே சாப்பிட்டது. அதை ஒரு நாள்கூட அவள் சொல்லிக்காட்டியதில்லை.

"நானே அணைச்சிடறேன்டா. லிப்ட் போனாப் போகுது. பாவம், அவ காலையிலேர்ந்து தவிக்கிறா, அவ வேலை முடியட்டும்." அவர் கை மவுஸுக்குப் போயிற்று.

"வேணாம் அத்தான், அக்கா தன்னோடத அணைச்சுப் பத்து நிமிஷம் ஆச்சு, ஒரு மணிக்குள்ள லிப்ட் போயாகணும்னு மேனேஜர் சொன்னாராம்."