ஜீப்புக்கு முட்டுக் கொடுத்த கல்

ஊருக்கு நல்லது செய்ய ஆர்வம் இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். எனக்கு ஆர்வம் அளவுக்கு மேலேயே இருந்தது. அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கடை. நான் கீழே பழனியில் பிறந்து, கல்யாணமாகி மலையேறியவள். (மேலே போனால் புத்தி வரும் என்று என் அத்தா நம்பி அனுப்பினார். பாவம்.) எங்கள் வீடு இருக்கிற சந்து மெயின் ரோட்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு சாக்கடை. அதை மூடியிருந்த சிலாப் எப்போதோ உடைந்து உள்ளே போய்விட்டது. நாங்களெல்லாம் ஓர் எட்டு வைத்துத் தாண்டிவிடுவோம். எதிர்வீட்டு ஸ்டெல்லாவால் முடியாது. சின்ன வயதில் போலியோ வந்தவள், இரண்டு ஊன்றுகோலில் நடக்கிறாள். பஸ் படியைக்கூடத் தானே கம்பியைப் பிடித்து ஏறிவிடுவாள். ஆனால் ரோட்டுக்கு வர வேண்டுமானால் யாராவது அவளைத் தூக்கிச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். டவுனில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்ததிலிருந்து தினமும் காலையில் என் கணவர்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் மலையில் சரிவில் வண்டியை நிறுத்துகிறவர்கள் டயருக்குப் பின்னால் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள். கிளம்பும்போது கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பனிமூட்டத்தில் அந்தக் கல் மேல் ஊன்றுகோல் பட்டு ஸ்டெல்லா ஒருமுறை விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டாள்.

தெருக்காரர்கள் நாங்கள் சேர்ந்து ஏறாத ஆபீஸ் இல்லை, பார்க்காத ஆள் இல்லை. கடைசியில் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

"பர்வீன்க்கா, நாளைக்கு அவரு வந்தும் ஒண்ணும் நடக்கலைன்னா நான் வேலைய விட்ருவேன்" என்றாள் ஸ்டெல்லா. "நான் என்ன கேரட் மூட்டையா, தெனமும் ஒரு ஆளு தூக்கி எறக்குறதுக்கு?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் மறுநாள் நான் வெள்ளனே எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காரியத்தில் இறங்கினேன். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? பெருக்குவோம், துடைப்போம், வேண்டாததையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். அதையேதான் செய்தேன். தெருவில் கிடந்த கற்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். என் கணவர் தன் பங்குக்கு, வருகிறவர் சாக்கடையைத் தாண்டிக் கஷ்டப்படக் கூடாதே என்று கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார். குறையைக் காட்டத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

அதிகாரி வந்தார். நல்ல பருத்த உடம்பு, பளபளவென்று ஷூ. சந்துக்குச் சற்று மேலே ஜீப்பை நிறுத்திய டிரைவர், எங்கிருந்தோ ஒரு கல்லைக் கொண்டுவந்து டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அதிகாரி பலகை மேல் நடந்து சந்துக்குள் வந்து ஸ்டெல்லாவின் பக்கத்தில் நின்றார்.

"அதான் பலகை இருக்கேம்மா" என்றார்.

"சார், அது இன்னைக்கு மட்டுந்தான். அதுவும் ஈரத்துல என் ஊன்றுகோலுக்கு வழுக்கும்" என்றாள் ஸ்டெல்லா. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரோட்டுல கல்லு வேற கெடக்கு சார்" என்றேன்.

"எங்கம்மா கல்லு?"

பார்த்தேன். ரோடு கண்ணாடி மாதிரி கிடந்தது. (நான் கூட்டினால் அப்படித்தான்.) காட்டுவதற்கு ஒரே ஒரு கல்லாவது கிடைக்காதா என்று ரோட்டுக்கு ஓடினேன். மாட்டியது ஒன்று. கீழே குனிந்து இழுத்தேன், வரவில்லை.

"எவ்வளவு கெட்டியா கெடக்கு பாருங்க சார்!" என்று அவர் முகத்தைப் பார்த்தபடியே சத்தம் போட்டேன்.

"ஏம்மா! ஏம்மா! அத எடுத்துறாதீங்க!" என்று டீக்கடையிலிருந்து டிரைவர் கத்தினார். இந்த ஆளுக்கு ஒரு கல்லில் என்ன இவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு பலமாக இழுத்தேன். கல் வந்தது. ஜீப்பும் வந்தது.

நல்லவேளை, நான் பக்கவாட்டில் இருந்தேன். ஜீப்பிலும் யாரும் இல்லை. அது அவசரமே படாமல் பின்னால் உருண்டு, பலகையை முறித்துக்கொண்டு, ஒரு சக்கரத்தைச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டு நின்றது. நான் கல்லை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். அதைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"முடிஞ்சு போச்சு. ஸ்டெல்லா வேலையும் போச்சு, நீ ஜெயிலுக்கும் போற" என்று என் கணவர் முணுமுணுத்தார்.

ஜீப் நகரவில்லை. அதிகாரிக்கோ அடுத்த பஸ்ஸைப் பிடித்தாவது ஒரு கூட்டத்துக்குப் போயாக வேண்டும். அந்தச் சந்துக்கு வேறு வழி கிடையாது. சாக்கடையை எட்டிப் பார்த்தார், ஒரு காலைத் தூக்கினார், திரும்ப வைத்துக்கொண்டார். கடைசியில் என் கணவரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கை கொடுத்து அவரைத் தூக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. "கூச்சமா இருக்குங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கு தெனமும் இப்படித்தான் இருக்கு."

அவர் ரோட்டில் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "பண்ணித் தரேன்மா" என்றார். எத்தனையோ பேர் எங்களிடம் சொன்ன வார்த்தைதான். இவர் செய்தார். மழை பிடிப்பதற்குள் சிலாப் வந்தது, ஊன்றுகோல் வழுக்காத சொரசொரப்போடு. பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வந்தது. என் மேல் அவர் ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் தொழுகையில் அவருக்காக ஒரு துஆ கேட்கிறேன்.

வீட்டில் என் மானம் போனது போனதுதான். எங்கே காரை நிறுத்தினாலும் என் கணவர் பிள்ளைகளிடம், "மொதல்ல அம்மாவ எறக்கி தூரமா நிப்பாட்டுங்க" என்பார். மகள் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டு வேன் வந்ததும் என்னை உள்ளறையில் வைத்துப் பூட்டாத குறை.

அதாவது பரவாயில்லை. போன வாரம் டவுனிலிருந்து ஸ்டெல்லாவோடு பஸ்ஸில் வந்தேன். எங்கள் சந்து வந்ததும் கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஜீப்பு விழுந்த ஸ்டாப்பு! எறங்குறவங்க வெரசா வாங்க!" என்று கூவினார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"வெரசால்லாம் வர முடியாதுண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "மெதுவாத்தான் எறங்குவேன்."

"நீங்க மெதுவா எறங்குங்கம்மா" என்றார் அவர். பஸ் நின்றது. ஸ்டெல்லா இறங்கி, சிலாப் மேல் நடந்து, வீட்டுக்குப் போனாள். நான்தான் அவள் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.