சம்பந்தி என்று நாங்கள் சொன்னது தங்களை அல்ல

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்க விரும்புகிறேன். எங்கள் சௌக்கியம் இப்போது தங்கள் கையில் இருக்கிறது. மேலே 'சம்பந்தி' என்று எழுதியதற்குக் கோபப்பட வேண்டாம். எழுதலாமா கூடாதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். 'ஐயா' என்று போட்டுப் பார்த்தேன். லீவு விண்ணப்பம் போல இருந்தது. 'மாமா' என்று அழைக்க நமக்குள் முறை இல்லை. ஆகவே, இந்த இடத்தில் அந்தச் சொல் தங்களை மட்டுமே குறிக்கும், வேறு எந்த ஜீவனையும் குறிக்காது என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் தாங்கள் பாதியைக் கேட்டீர்கள். மீதியைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல், வலது காலில் தங்கள் செருப்பும் இடது காலில் என் செருப்புமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டீர்கள். அந்த மீதியைத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் தங்கள் வீட்டம்மா அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, என் மகள் கையில் ஒரு சிவப்புக் கோழியைக் கொடுத்தனுப்பினார்கள் அல்லவா? எங்கள் கொல்லையில் அப்போதே மூன்று கோழிகள் இருந்தன. அடையாளத்துக்காக இதைச் 'சம்பந்தி வீட்டுக் கோழி' என்று சொன்னோம். நாலு நாளில் அது 'சம்பந்தி கோழி' ஆயிற்று. ஒரு மாதத்தில் கோழியும் உதிர்ந்துபோய் வெறும் 'சம்பந்தி' மட்டும் நின்றது. பெண் கோழிதானே, 'சம்பந்தியம்மா' என்றாவது சொல்லலாமே என்று நான் யோசனை சொன்னேன். "கோழி குடுத்த புண்ணியவதி, அவங்க பேரையா கோழிக்கு வைக்கிறது? மரியாதையா இருக்காது" என்று என் மனைவி தடுத்துவிட்டாள். தங்கள் வீட்டம்மாவின் மரியாதையைக் காப்பாற்றப் போய்த்தான் இவ்வளவும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் கோழி வளர்க்கிறவர்கள். பின்பக்கம் ரிட்டையரான பஸ் டிரைவர், இடப்பக்கம் டெய்லரம்மா, வலப்பக்கம் கம்பவுண்டர். தினமும் காலை ஏழு மணிக்கு அவரவர் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசுவோம். எது முட்டை போட்டது, எதற்குக் கழிச்சல், யார் வீட்டில் தவிடு தீர்ந்தது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஒரு நாள் டிரைவர் சொன்னார்: "சம்பந்தின்னு வாய் நிறைய சொல்லிட்டு, 'முட்டை போட்டுச்சா'ன்னு கேக்க நாக்கு கூசுதுங்க." அன்றிலிருந்து 'போட்டாங்களா' ஆகிவிட்டது. நான் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவன். 'சம்பந்தி' என்று தொடங்கிய வாக்கியம் மரியாதையாகத்தான் முடிய வேண்டும். இலக்கணப்படி டிரைவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் நானும் திருத்தவில்லை. என் தொழில் என்னைக் கவிழ்த்த இடம் இதுதான்.

தாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தபோது கோழிகள் கூண்டில் அடைந்துவிட்டன. தாங்கள் படுத்த அறையின் ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. அந்த வாரம் முழுக்கச் சம்பந்தி, அதாவது கோழி, அடியில் ஒரு முட்டைகூட இல்லாமல் வெறும் வைக்கோல்மேல் அடைக்கு உட்கார்ந்து அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்தது. இப்போது தாங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டதைத் தயவுசெய்து அந்தக் கோழியை மனத்தில் வைத்து மறுபடி படியுங்கள்.

டிரைவர் கேட்டார்: "சம்பந்தி இன்னைக்காவது எழுந்தாங்களா?"

என் மனைவி சொன்னாள்: "எங்க எழுந்தாங்க? உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையல. சாப்பாட்டைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு முன்னாடி வைக்க வேண்டியிருக்கு. கிட்டப் போனா உர்ருங்கறாங்க."

டெய்லரம்மா சொன்னார்: "ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்து தின்னா அப்படித்தான். பின்பக்கம் பார்த்தீங்களா, எப்படிப் பெருத்துப் போச்சு. பேசாம குடுத்த வீட்டுக்கே அனுப்பிடுங்க."

"பேன் இருக்குன்னீங்களே, பவுடர் தூவினீங்களா?" என்றார் கம்பவுண்டர். "தூவிட்டு, ஒரு அண்டாவுல பச்சைத் தண்ணி ஊத்தி, இடுப்பு வரைக்கும் முக்கிப் பிடிங்க. சூடு தணிஞ்சா தன்னால எழுந்து நடப்பாங்க. ஆனா ரெண்டு பேர் வேணும்."

"நான் வந்து அமுக்கிக்கறேன்" என்றார் டிரைவர்.

சம்பந்தி அவர்களே, நிதானமாக யோசியுங்கள். தங்கள் தலையைப் பார்த்த எவராவது பேன் என்ற சொல்லைத் தங்களோடு சேர்த்துப் பேசுவார்களா? நிற்க இடமில்லாமல் அது விழுந்துவிடாதா? அடுத்து, தாங்கள் நாள் தவறாமல் நடைப்பயிற்சி செய்பவர். தங்கள் பின்பக்கத்தைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் எந்த அபிப்பிராயமும் கிடையாது. இருந்தாலும் அதைச் சுவருக்கு மேலே பேசமாட்டோம். இதையெல்லாம் தாங்களே உணர்ந்திருப்பீர்கள். ஆனால் தாங்கள் பல் தேய்க்கக் கொல்லைக் கதவைத் திறந்த நேரமும், டிரைவர் அண்டாவோடு சுவரேறிக் குதித்து "சம்பந்தி எங்க?" என்று கேட்ட நேரமும், என் மனைவி கூண்டைக் காட்டி "இதோ இங்கதான் இருக்காங்க, பிடிங்க" என்று சொன்ன நேரமும் ஒன்றாகிவிட்டன. கூண்டு அந்தக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கு நான் என்ன செய்வேன்! தாங்கள் பிரஷ்ஷோடு கத்தினீர்கள். டிரைவர் அண்டாவைத் தன் கால்மேல் போட்டுக்கொண்டு அதைவிடப் பலமாகக் கத்தினார். "ஐயோ, உங்களை இல்லை, கோழியை!" என்று நான் சொன்னது ஆறுதலுக்காக. அது எண்ணெய் ஊற்றியது போலாகிவிட்டது. "என் முறையைச் சொல்லிக் கோழியைக் கூப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பையைத் தூக்கினீர்கள்.

அன்று சாயங்காலமே என் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா வந்ததிலேர்ந்து யார்கிட்டயும் பேசல. எழுத்துல மன்னிப்பு வேணுமாம். கோழி அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் பாப்பா லீவுக்கு அங்க வரமாட்டாளாம். எதாவது பண்ணுப்பா." சம்பந்தி அவர்களே, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பேத்தி வருஷத்துக்குப் பத்து நாள் இங்கே வருகிறாள். மீதி நாளெல்லாம் அந்தப் பத்து நாளைத்தான் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதைப் படித்துவிட்டு மனம் கல்லாக இருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

உடனே கோழியின் பெயரை மாற்றிவிடுவது என்று திங்கட்கிழமை சுவரோரம் கூடினோம். கம்பவுண்டர் 'பேஷண்ட்' என்றார். டிரைவர் 'எக்ஸ்பிரஸ்' என்றார். ஒரு வாரமாக நகராத கோழிக்கு அந்தப் பெயர் எதற்கு என்று டெய்லரம்மா சண்டைக்குப் போனார். முடிவில் 'சிங்காரி' என்று வைத்தோம். புதுப்பெயர் யார் வாயிலாவது நின்றதா? "சிங்காரி எழுந்தாங்களா?" என்றால் "எந்தச் சிங்காரி?" என்கிறார்கள். "அதாங்க, பழைய சம்பந்தி" என்று சொன்னால்தான் விளங்குகிறது. புதன்கிழமை மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது டிரைவர் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "பழைய சம்பந்தி எப்படி இருக்காங்க?" என்று சத்தமாக விசாரித்தார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, அதுக்குள்ள புதுசா வேற யாரையாவது பார்த்துட்டீங்களா?" என்று கேட்கிறாள். கட்டிக்கொடுத்து ஏழு வருஷமான பெண்ணுக்குப் புதுச் சம்பந்தி எங்கே தேடுவேன்? தலையில் அடித்துக்கொண்டேன்.

"அந்தக் கோழியை யாருக்காவது கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?" என்று தாங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் நான் எழுந்தேனா இல்லையா என்று கவலைப்பட்ட முதல் ஆள் அந்தக் கோழிதான். கதவைத் திறக்க ஐந்து நிமிஷம் தாமதமானால் அலகால் கதவைத் தட்டும். பிப்ரவரியில் என் மனைவி ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கோழிக்குத் தவிடு வைக்கிறேன் என்று சுவரேறி வந்த டிரைவர் எனக்கும் சாப்பாடு கொண்டுவந்தார். டெய்லரம்மா என் சட்டைகளைத் துவைத்துப் பட்டன் தைத்துக் கொடுத்தார். கம்பவுண்டர் ராப்பகலாக ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். கோழி இல்லாவிட்டால் இந்த மூன்று பேரும் எனக்கு வெறும் மதில்சுவர்களாக இருந்திருப்பார்கள். அவர்களிடம் போய் "இனிமேல் அந்தக் கோழி வேண்டாம்" என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

இருந்தாலும் பேத்திக்கு முன்னால் எதுவும் பெரிதில்லை. நேற்று அந்தக் கோழியைக் கூண்டோடு தூக்கிக் கம்பவுண்டர் கொல்லையில் வைத்துவிட்டேன். நடுவில் ஐந்தடிச் சுவர் இருக்கிறது. ஆகவே கோழி 'அந்த வீட்டில்' இல்லை. சுவர்மேல் ஏறி இந்தப்பக்கம் பார்ப்பது அதன் சொந்த விருப்பம். என் மனைவி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பெயர் வைத்ததற்கு ஒரு மன்னிப்பும், மரியாதைப் பன்மைக்கு ஒரு மன்னிப்பும், அண்டாவுக்குத் தனியாக ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். பேத்தியை அனுப்பிவையுங்கள். முடிந்தால் தாங்களும் வந்து அந்த டீயைக் குடித்துவிட்டுப் போங்கள்.

தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசி. பேத்திக்கு எங்கள் முத்தங்கள், எண்ணிக்கை இல்லாமல்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
தங்கள் சம்பந்தி (மனிதன்)

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற சமயத்தில் பேத்தி போனில் வந்தாள். "தாத்தா, எங்க வீட்டு சேவலுக்கும் சம்பந்தின்னுதான் பேரு, தெரியுமா? யார் பேசினாலும் நடுவுல பூந்து கத்தும். இந்த வீட்டுத் தாத்தா தினமும் காலையில அதுமேல செருப்பை வீசி, 'சம்பந்தி, கொஞ்சம் வாயை மூடு'ன்னு சொல்வாரு. கல்யாணத்தன்னிக்கே வெச்ச பேராம்." ஏழு வருஷமா! அதிலும் வெறும் 'அது'! மரியாதைப் பன்மைகூட இல்லை! ஆகவே மேலே கேட்ட மூன்று மன்னிப்புகளையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோழியைக் கூண்டோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கள் தெருவில் சேவல் கிடையாது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும்போது அவரையும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அழைத்து வாருங்கள். குஞ்சு பொரித்தால் அவை நமக்கு என்ன முறை ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து யோசிப்போம்.