கொள்கையளவில் சம்மதம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் வார்த்தை பொய்யாகிவிடும் என்பதால் மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள். வியாழக்கிழமை காலை விமான நிலையத்துக்கு வந்துவிடு. என் வீட்டுச் சாவியைக் குடிவருகிற ஆளிடம் கொடுத்திருந்தால் உடனே திருப்பி வாங்கு. உன் அக்கா மகள் என்னைத் திருப்பி அனுப்புகிறாள்!

தூதரகத்தில் வேலை என்றதும் நாம் என்ன நினைத்தோம், விருந்து, கைகுலுக்கல், போட்டோ என்றுதானே, இவளுக்கோ எரிசக்திப் பிரிவு, இந்த நாட்டிலிருந்து நம் நாட்டுக்கு எல்லை தாண்டி மின்கம்பி இழுக்கப் பன்னிரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள், வீட்டிலும் மின்சாரச் சிக்கனக் கெடுபிடி, குளியலறையில் ஆள் அசையாமல் நின்றால் விளக்கு தானாக அணைந்துவிடும், உடம்பெல்லாம் சோப்போடு இருட்டில் நின்று, ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டுகிறேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது அவள் போனில் பேசுகிற அழகுக்காக. அந்தப் பக்கத்து அதிகாரி எது கேட்டாலும் குரல் உயராது. “கொள்கையளவில் சம்மதம்” என்று இரண்டே வார்த்தை, எதிராளி கப்சிப். படித்தவர்கள் ‘சரி’ சொல்வதே தனி தினுசு என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, “அப்பா, அம்மா போனப்புறம் தனியா கஷ்டப்பட்டது போதும். என்கூடவே இருந்துடுங்களேன்” என்றாள். மாப்ளே, இதைக் கேட்கத்தானே இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன்! வெறும் ‘சரிம்மா’ என்றால் அதிகாரியைப் பெற்றவனுக்கு என்ன மதிப்பு? நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, “கொள்கையளவில் சம்மதம்” என்றேன்.

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. “புரியுதுப்பா” என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை காப்பிக்குப் பக்கத்தில் விமான டிக்கெட்.

இன்று அவள் ஆபீஸ் டிரைவரிடம் புலம்பினேன். மனுஷர் வண்டியையே ஓரம் கட்டிவிட்டார். “ஐயோ சார், அதையா சொன்னீங்க? எங்க ஆபீஸ்ல அதுக்கு ‘நடக்காது, மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டோம்’னு அர்த்தம். ரெண்டு நாடும் பன்னெண்டு வருஷமா அதைத்தான் சொல்றாங்க. ஒரு கம்பம் நட்டாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பெண் வாய்விட்டுக் கேட்டதற்கு நானே ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்கிறேன்! இப்போது போய் ‘அர்த்தம் தெரியாம சொல்லிட்டேன்’ என்று எந்த முகத்தோடு நிற்பது? பேசாமல் கிளம்பி வருகிறேன். எனக்குப் போகவே மனசில்லைடா. இது உனக்கு மட்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கொழுப்பெடுத்த நாக்கோடு,
உன் அத்தான்

பி.கு.: உறையில் முகவரி எழுத அவளிடமே கொடுத்தேன், ஒட்ட மறந்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டாள். சிவப்புப் பேனாவோடு வந்து, இந்தக் கடிதத்தில் உள்ள என் பதிலிலிருந்து ‘கொள்கையளவில்’ என்பதை அடித்து, ஓரத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். “திருத்தம்னா ரெண்டு தரப்பும் போடணும்ப்பா” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளும் போட்டாள். வியாழக்கிழமை வராதே. சாவியைத் திருப்பி வாங்காதே. பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குக் கையெழுத்தான முதல் ஒப்பந்தமாம். அசலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். உனக்கு வருவது நகல்.