தலையாட்டும் அரை மணி நேரம்

இந்த வீட்டில் இனி என் சம்மதம் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று நான் அறிவித்தேன். அறிவித்தபோது வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது வேறு விஷயம். மனைவி கடையிலிருந்து திரும்பியதும் அதையே குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இன்னொரு தடவை சொன்னேன்.

காரணம், எங்கள் வீட்டுப் பின்ரூம். நான் டேபிள் ஃபேன் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. அப்படி ஒதுக்கியதில் சிலவற்றை மலிவாக வாங்கி வந்து, ஓய்வு கிடைக்கும்போது ரிப்பேர் செய்யலாம் என்று பின்ரூமில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஓய்வு கிடைத்ததும் முதலில் தூங்கிவிடுவதால் ஃபேன்கள் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றின் நடுவே படுத்தால், எந்த ராஜாவுக்கும் அந்தச் சுகம் கிடையாது.

அந்த ரூமைத்தான் மனைவி கேட்டாள்.

"நம்ம பில்டிங் பிள்ளைங்க சாயங்காலம் உக்காந்து படிக்க ஒரு இடம் வேணும்ங்க. கதைப் புத்தகம் கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன். பின்ரூமைக் கொடுங்க."

"முடியாது. அது என் ஒர்க் ஷாப்."

"அங்க ஓடற ஒரே மெஷின் உங்க குறட்டைதான்."

"நானா சரின்னு சொல்றவரைக்கும் அந்த ரூமை யாரும் தொடக் கூடாது."

"வாயால சொல்லணுமா, தலையாட்டினாப் போதுமா?"

"தலையாட்டினாலும் போதும். ஆட்ட மாட்டேன்."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான ஆண்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மனைவி சண்டை போட்டால் பயப்பட வேண்டாம். சண்டையே போடாமல் "சரிங்க" என்றால் மூட்டை கட்டத் தொடங்கிவிடுங்கள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். படிக்கவும் எழுதவும் பிள்ளைகளுக்கு வீட்டில் எப்படி உதவுவது என்று டீச்சர் பேசினார். எங்கள் பாப்பா இரண்டாம் வகுப்பு. சத்தமாகப் படிக்கச் சொன்னால் மேஜைக்கு அடியில் பென்சில் தேடப் போய்விடுவாள். எனக்கும் அது பெரிய கவலைதான். கவலையோடுதான் போய் உட்கார்ந்தேன். டீச்சர் குரல் இதமாக இருந்தது. மேலே ஃபேன் குறையே சொல்ல முடியாதபடி ஓடியது. கண் விழித்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"டீச்சர் என்னென்ன சொன்னாங்க, சொல்லு பாப்போம்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். நீ ஒழுங்கா கேட்டியான்னு பாக்கறேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "பாப்பா தினம் அரை மணி நேரம் அப்பாகிட்ட சத்தமா படிக்கணும். அப்போ அப்பா வாயே திறக்கக் கூடாது. தப்பு சொல்லக் கூடாது. சிரிச்ச முகமாத் தலையாட்டணும்."

"ஒவ்வொரு வரிக்குமா?"

"ஒவ்வொரு வரிக்கும். போகப் போக அவளே எழுதிப் படிக்கணும். எழுதினது வீட்ல நடக்கவும் நடக்கணும். அப்பதான் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு பிள்ளைக்குப் புரியும்."

"ஏன், அம்மாகிட்ட படிச்சா ஆகாதாமா?"

"ஆகும். அந்த நேரத்துல நீங்க பாத்திரம் தேய்ங்க."

டீச்சர் எதற்காக அப்பா என்று குறிப்பிட்டுச் சொன்னார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பாப்பா ஒரு பூனைக் கதையோடு வந்து உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவள் ஒரு வரி படித்தால் நான் மூன்று குறை சொல்வேன். நிறுத்து, மறுபடி படி, நிமிர்ந்து உட்கார். தொழில் தோஷம். அவள் அழுவாள், நான் கத்துவேன், புத்தகம் அலமாரிக்கே திரும்பிப் போய்விடும். இப்போது அவள், மதில் மேல் தாவிய பூனை மத்தியானம் தாவியதாகப் படித்தாள். என் நாக்கு துடித்தது.

"தலை" என்று குரல் வந்தது சமையலறையிலிருந்து.

ஆட்டினேன். பூனைக்கு எந்த நேரம் சௌகரியமோ அந்த நேரம் தாவட்டும்.

கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. அதே கதையை எடுத்து வந்த பாப்பா அதே வரியில் நின்றாள். விரலைப் பின்னால் நகர்த்தினாள். "மத்தியானம் இல்லப்பா, மதில்" என்று தானே சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு லேசான வைத்தியம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ வாயை மூடியிருப்பேன்.

பிறகு அவளே எழுத ஆரம்பித்தாள். முதல் நாள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"அப்பா ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவுவார்."

வாயைத் திறந்தேன்.

"பிள்ளை படிக்கறப்போ குறுக்கே பேசாதீங்க" என்றது சமையலறை.

பாப்பா தாளுக்கு மேலே கண்களை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களைப் பார்த்து முடியாது என்று சொல்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆட்டினேன்.

"அம்மா, அப்பா தலையாட்டிட்டாரு."

அடுத்த நாள், அப்பா பரண் முழுவதும் ஒட்டடை அடிப்பார். ஆட்டினேன். அதற்கடுத்த நாள், மாமா லீவு முழுவதும் நம் வீட்டிலேயே தங்குவார். மாமா என்பது என் மச்சான். அதற்கும் சிரித்த முகமாகத்தான் ஆட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் டேபிள் ஃபேன்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. கொடுத்து வைத்த ஜென்மங்கள். நாள் முழுக்கத் தலையைப் பக்கவாட்டில் மட்டும் ஆட்டுகின்றன. முடியாது, முடியாது, முடியாது.

எதிர் வீட்டுப் பல் டாக்டர் என்னை மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், சாயங்காலத்துல உங்க சத்தமே கேக்கறதில்லை. பல்லு வலியா?"

"பாப்பா படிக்கறா. நான் கேக்கறேன்."

"சும்மா கேட்டாப் போதுமா?"

"தலையாட்டணும்."

"எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு சார். வாயைத் திறந்து படிடான்னு சொன்னா, ஊசி போடப் போறேன்னு ஓடிடறானுங்க."

நான் சிரிக்கவில்லை. மனைவி போகிற போக்கைப் பார்த்தால் அடுத்த தாள் பின்ரூம் பற்றித்தான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. முந்திக்கொள்ள முடிவு செய்தேன். அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பாப்பாவை அழைத்தேன்.

"கண்ணு, அப்பா ஒரு யோசனை சொல்றேன், எழுதறியா?"

"என்ன யோசனை?"

"பின்ரூம் அப்பாவுக்கே சொந்தம். இதான். நாளைக்கு அம்மா முன்னாடி படிக்கணும். அம்மா தலையாட்டணும்."

"ஏன், அம்மாவுக்கும் அந்த ரூல் உண்டா?"

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பாப்பா பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "ஒரு வரிதானே இருக்கு. கதை ஆகாதே. மீதியை நானே எழுதிக்கறேன்பா."

"எழுது ராஜாத்தி, எவ்வளவு வேணும்னாலும் எழுது" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிக மோசமான அனுமதி அதுதான்.

மறுநாள் மனைவியைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "இன்னைக்கு நீ கேளு. பாத்திரம் நான் பாத்துக்கறேன்."

"உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் சமையலறையில் நின்றுகொண்டு காதை மட்டும் ஹாலுக்கு அனுப்பினேன்.

பாப்பா படித்தாள். "பின்ரூம் அப்பாவுக்கே சொந்தம்."

"தலை" என்றேன் நான். எத்தனை நாள் கனவு அது. எட்டிப் பார்த்தேன். மனைவி சிரித்த முகமாகத் தலையாட்டினாள்.

"அதை அப்பாவிடமிருந்து யாரும் எடுக்கக் கூடாது."

ஆட்டினாள். நான் ஒரு டம்ளரை இரண்டு தடவை தேய்த்தேன்.

"அப்பா இப்போது திட்டுவதில்லை. அதனால் எனக்குப் படிக்க வருகிறது. எனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும்."

சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். கண் கரித்தது. சோப்புதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"எதிர் வீட்டு அண்ணன்களுக்குப் படிக்க வரவில்லை. அவர்கள் அப்பாவுக்குத் தலையாட்டத் தெரியாது. அதனால் எங்கள் அப்பா பின்ரூமில் உட்கார்ந்து பில்டிங்கில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் படிப்பதைக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கேட்பார்."

மனைவியின் தலை ஆடிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

பாப்பா என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஆட்டணும்பா. கதையில நீங்கதானே வர்றீங்க."

அதே கண்கள். வேறு என்ன செய்ய? ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் என் ஃபேன்களைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாய் விரித்திருந்த இடத்தில் புத்தக அலமாரி வந்தது. ரூம் என்னுடையதுதான், யாரும் எடுக்கவில்லை. கால் நீட்டத்தான் இடமில்லை. மத்தியானம் பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். மனைவி டீச்சரையும் அழைத்திருந்தாள். வந்தவரைப் பாராட்டுவது என் கடமை என்று நினைத்தேன்.

"உங்க முறை பிரமாதம் டீச்சர். அப்பா வாயைத் திறக்காம தலையை மட்டும் ஆட்டறது. நல்ல பலன்."

டீச்சர் விழித்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார். அப்பாவோ அம்மாவோ, பிள்ளைங்க படிக்கறதைப் பத்தி அவங்களோட நிறையப் பேசுங்கன்னுதான் சொன்னேன். நீங்கதான் அன்னைக்கு அசந்து தூங்கிட்டிருந்தீங்க. எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம் டீச்சர், நான் சொல்லிக்கறேன்னு உங்க மிஸஸ் சொன்னாங்க."

மனைவி பக்கம் திரும்பினேன். இத்தனை நாள் விழுங்கிய பேச்செல்லாம் மொத்தமாகத் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். அதே நேரம் பல் டாக்டரின் சின்னப் பையன் என் முன்னால் வந்து உட்கார்ந்து புத்தகத்தை விரித்தான்.

"என்னங்க, பிள்ளை படிக்குது" என்றாள் மனைவி.

அவன் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, மூச்சுப் பிடித்துப் படித்தான். "ஒரு... ஊரில்... ஒரு... முட்டாள்... இருந்தான்."

தலையாட்டினேன்.