முதுமைச் சட்டைக்கு அளவெடுத்த கதை

தனியாக வாழும் முதியோர் விழுந்துவிட்டால், பொத்தானை அழுத்தி ஆள் கூப்பிட ஒரு கைப்பட்டை செய்வதென்று எங்கள் அலுவலகம் தீர்மானித்தது. முதியோரைக் கலந்தாலோசித்தே செய்யவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர்களைக் கூப்பிட்டால் முழங்காலில் தொடங்கி மருமகள் வரை பேசுவார்களே என்று இயக்குநர் மாற்றுவழி கண்டார். இளம் அலுவலர்கள் முதுமையை உணர ஓர் உடை: இடுப்பில் மணல்மூட்டை, மங்கல் கண்ணாடி, விரல் மரத்ததுபோல் தடித்த கையுறை. கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். "ஆழ்ந்த கரிசனத்தோடு" என்பது என் சொந்தச் சரக்கு.

உடை தைக்க வந்த தையல்காரருக்கு எழுபத்தாறு வயது, தனிக்கட்டை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து அரை நாள் ஈரத்தரையில் கிடந்தவர். கூலி வேண்டாம், முதல் பட்டையைத் தந்தால் போதும் என்றார். "முதியோர் பங்கேற்பு: ஒருவர்" என்று எழுதிக்கொண்டேன்.

சோதனையில், உடையணிந்த உதவிப் பொறியாளரால் பட்டாணி அளவுப் பொத்தானை அழுத்த முடியவில்லை.

"பொத்தானைக் கொஞ்சம் பெருசாக்கலாங்களே," என்றார் வாசலில் நின்ற தையல்காரர்.

"பெரியவரே, பொத்தானை கமிட்டி பாஸ் பண்ணியாச்சு. குறை உங்க தையல்லதான். கையுறையை லூஸ் பண்ணுங்க," என்றார் இயக்குநர்.

லூஸ் பண்ணினார். பிறகு உள்ளே திணித்திருந்த பஞ்சை எடுத்தார். கடைசியில் கையுறையின் விரல் நுனிகளையே வெட்டச் சொன்னார்கள். மணி அடித்தது, கை தட்டினோம். "முதியோர் எளிதாக இயக்குகின்றனர்" என்று எழுதினேன்.

முதல் பட்டை வாங்கிப்போன தையல்காரர் மறுவாரமே வந்தார், நெற்றியில் பிளாஸ்திரியோடு.

"மறுபடி விழுந்துட்டேன் சார். விரல் மரத்துக் கிடக்கு, பொத்தான் எங்கேன்னே தெரியல."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "நீங்க தைச்ச கையுறையில வேலை செஞ்சுதே. அப்போ கருவியில குறையில்ல. உங்க கைதான் அளவுக்கு மீறிக் கிழடாயிருக்கு."

அவர் படியிறங்கிப் போனார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் "புகார் தீர்க்கப்பட்டது" என்று எழுதினேன்.

ஏழு வருஷம் ஓடியது. தையல்காரர் இன்னும் இருக்கிறார், எங்கள் பட்டையின் தயவால் அல்ல. ஓய்வுபெற்ற இயக்குநருக்கு விரல்களில் முடக்குவாதம், வீட்டில் துணையில்லை. எனக்கும் அதே கதி. இரண்டு பேரும் பட்டையோடு தையல்காரரின் கடைக்குப் போனோம்.

"அண்ணே, இதை அழுத்தவே முடியல. ஏதாவது பண்ணித் தாங்களேன்," என்றார் இயக்குநர்.

தையல்காரர் கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கையை நீட்டுங்க. விரல் நுனியை வெட்டினா சரியாப்போயிடும். அப்படித்தானே பாஸ் ஆச்சு?"

இயக்குநர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என் கை ஏற்கெனவே சட்டைப்பைக்குள் போயிருந்தது.