கொல்லிமலையில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டது

மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசாத மாமியார்களைக் கணக்கெடுத்தால், எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் கடைசி ஆளாக நான்தான் இருந்திருப்பேன். சண்டை எதுவும் இல்லை. கூச்சம், அவ்வளவுதான். மகள் மலருக்குக் கல்யாணமாகிப் பத்து வருசத்துக்கு மேல் ஆகியும், மாப்பிள்ளை செந்திலுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் மலர் வழியாகத்தான் போகும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் கதவோரம் நின்று, "ரசம் ஊத்தட்டுமான்னு கேளு கண்ணு" என்பேன். அவரும் தட்டைப் பார்த்தபடி, "போதும்னு சொல்லு மலரு" என்பார். (ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேட்கும். ஆனாலும் மலர் ஒருதரம் திருப்பிச் சொல்லாமல் கரண்டி நகராது.)

மலர் கொல்லிமலை மேலே அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு நாமக்கல்லில் எலக்ட்ரிக் கடை. பெயருக்குத்தான் கடை, மனசெல்லாம் பழைய கோயிலிலும் பழைய கல்லிலும்தான் இருக்கும். போன ஆனி மாதம், "அத்தையக் கூட்டிட்டுப் போய் மலை முழுக்கச் சுத்திக் காட்டணும்" என்று மலரிடம் சொல்லியிருக்கிறார். ஆயுசு முழுக்க அடிவாரத்திலிருந்து அந்த மலையை அண்ணாந்து பார்த்தவள் நான். மேலே போனது ஒரே ஒரு தடவை, அதுவும் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு. அதனால் ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று மலரிடம் சொல்லி அனுப்பினேன்.

மாப்பிள்ளை காரில் மூன்று பேருமாகத்தான் கிளம்பினோம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே ஏறி முடித்து, செம்மேட்டில் இறங்கி டீ குடிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து மலருக்கு போன். டூட்டியில் இருக்க வேண்டிய நர்ஸுக்குக் காய்ச்சலாம், மலர் உடனே வர வேண்டுமாம். அவள் போய்விட்டால் மிச்சம் நானும் மாப்பிள்ளையும்தான்.

"நானும் ஆஸ்பத்திரியிலயே உக்காந்துக்கறேன் கண்ணு" என்றேன்.

"ஏம்மா, அவரு ஒரு வாரமா இதுக்குன்னே காத்துட்டு இருக்காரு. ஒரு நாளு நேரா பேசுனா ரெண்டு பேருக்கும் நாக்கு தேஞ்சு போயிராது. போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

வாந்திக்குப் பயந்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு வராத எனக்குத் தலையாட்டல் ஒன்றுதான் துணை. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வேண்டாம் என்று ஆட்டினாலும், வளைவில் கார் திரும்புகிற திருப்பலில் அது சரி என்று ஆட்டுவதுபோலத் தெரிகிறது.

"அத்தை, முடவாட்டுக்கால் சூப்பு குடிக்கறீங்களா?" பாறை இடுக்கில் விளைகிற கிழங்கு அது. ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் வேறு இருக்கும். தலையாட்டினேன், வந்தது. மூட்டு வலிக்கு நல்லது என்று இன்னொரு டம்ளரும் வந்தது. ஓரி மன்னன் சிலைக்கு முன்னால் நிறுத்தி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகத் துளைத்தவர் இவர் என்று விளக்கினார். தலையாட்டினேன். அடுத்து மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசி. அப்புறம் மலைவாழைப்பழம், தேன். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில், இங்கே சூப்பு இன்னும் நன்றாக இருக்கும் என்று மறுபடியும் சூப்பு. ஓரி அம்பு விட்ட பன்றிக்கு அடுத்தபடி அந்த மலையில் துளைபட்டது என் வயிறாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டாவது சூப்புக் கடையைத் தாண்டியதும்தான் வினை. ரோட்டோரம் ஒரு பெண் பலாப்பழம் அறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி, கொஞ்சம் மேடான இடத்தில் மாப்பிள்ளை காரை நிறுத்தினார். புதருக்குள், வில்லோடு நிற்கிற ஓர் ஆளைச் செதுக்கிய பழைய கல்லைப் பார்த்துவிட்டாராம். "ஒரே நிமிசங்க அத்தை" என்று போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மரம் முன்னால் நகர்ந்தது. சூப்பின் வேலை என்று நினைத்தேன். அடுத்த மரமும் நகர்ந்தது. மரம் நகரவில்லை, கார்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தால், அந்தப் பலாப்பழப் பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து சுளை எடுத்துக்கொண்டிருக்கிறாள். கார் சத்தமில்லாமல் நேராக அவள்மேல் போகிறது.

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? மாப்பிள்ளை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' என்று என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன், அதை இவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. பேர் சொன்னால் மரியாதை இல்லை. ஓர் உயிர் போகப்போகிற நேரத்தில் நான் மரியாதையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பழக்க தோசத்தில், மலரிடம் சொல்லலாம் என்று பின்சீட்டைக்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு வாய் தானாகத் திறந்தது.

"டேய் செந்திலு, வண்டி போகுதுடா. ஓடியாடா டேய்."

என் தொண்டைக்குள் அப்படியொரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. புதருக்குள்ளிருந்து மாப்பிள்ளை செருப்பில்லாமல் ஓடி வந்தார். "ஹேண்ட்பிரேக்க இழுங்க அத்தை. சீட்டுக்குப் பக்கத்துல கம்பி மாதிரி இருக்கும் பாருங்க." இருந்தது. என் இடது கைப்பக்கம் இருந்ததைப் பலங்கொண்டமட்டும் இழுத்தேன். சீட்டு மல்லாக்கச் சாய்ந்து, நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாற்போல் காரின் கூரையைப் பார்த்தபடி பின்னால் போனேன்.

தொப்பென்று ஒரு சத்தம். கார் நின்றது. பலாப்பழ வாசனை.

என் கூச்சலைக் கேட்டுத் துள்ளி எழுந்த அந்தப் பெண், இருந்ததிலேயே பெரிய பழத்தைக் காலால் தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்திருக்கிறாள். பழம் பாதி நசுங்கி, மீதிப் பாதியால் காரைத் தாங்கிப் பிடித்தது. மாப்பிள்ளை ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

"நீங்க சத்தம் போடலீன்னா நானும் பழத்தோட பழமா நசுங்கிருப்பனுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "பெத்த தாயி காருக்குள்ள இருக்கறப்போ பிரேக்குப் போடாம எறங்குவீங்களா சாமி?"

"தாயி இல்லீங்க. மாமியாரு."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமியாரா? மருமகனையா டேய்னீங்க?" என்று கேட்டவள், சிரிப்பு தாங்காமல் பலாத்தோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்தச் சாய்ந்த சீட்டிலேயே படுத்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

"என்னெப் பெத்தவகூட இவ்வளவு சத்தமா கூப்புட்டதில்லீங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை. ஏதோ மெடல் வாங்கியவர்போலச் சொன்னார்.

அந்தப் பெண் நசுங்காத பக்கத்திலிருந்து சுளைகளை எடுத்து இலையில் வைத்து நீட்டினாள். பழத்துக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து தின்றோம். இத்தனைக்குப் பிறகும் வயிற்றில் இடம் இருந்ததுதான் ஆச்சரியம். "இன்னொரு சூப்பு சொல்லட்டுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "சூப்பு வேண்டாங்க, கோயிலுக்குப் போலாங்க" என்றேன். பத்து வருசத்தில் நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் மரியாதையான வார்த்தை அதுதான்.

கோயிலில் சுவரில் வெட்டியிருந்த எழுத்துகளில் தெரிந்ததை விரல் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். நான் கேள்வி கேட்டேன், அவர் சொன்னார். அந்தப் பெண்ணை எழுப்பிவிடுகிற அளவுக்கு ஒரு தொண்டையைக் கொடுத்ததற்காகச் சாமியை இரண்டு முறை விழுந்து கும்பிட்டேன். இப்படி ஊர் சுற்றிக் காட்ட ஒரு மருமகனைக் கொடுத்ததற்காக மூன்றாவது முறையும் விழுந்தேன். எழுந்திருக்க அவர்தான் கை கொடுத்தார்.

சாயங்காலம் மலரை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்போது, நாங்கள் பேசிய பேச்சில் அவளுக்கு நடுவில் ஒரு வார்த்தை போட இடம் கிடைக்கவில்லை. நடந்ததை அவர்தான் சொன்னார். டேய் வருகிற இடத்தில் என் குரலிலேயே சொன்னார். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

இப்போதும் அவரிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் சோறு ஆற விட்டுவிட்டு அவர் போனில் பழைய கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால், மலர் சமையலறையிலிருந்து, "அம்மா, கொல்லிமலையில கூப்புட்ட மாதிரி ஒருக்கா கூப்புடு" என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.