கம்ப்ரசர் காற்றில் ஒரு விருந்து

ஒரு ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்து வைத்திருப்பது ஒன்று. அந்த வார்த்தைக்கு உதாரணமே நாம்தான் என்று சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துபோவது வேறொன்று. எனக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது.

வார்த்தை, 'இம்ப்ராக்டிகல்'. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தபோது என்னைத் தொற்றிக்கொண்டது. (அங்கே நான் உருப்படியாகக் கற்றதே அது ஒன்றுதான் என்பார் அப்பா.) யார் எதைச் சொன்னாலும் நெற்றியைச் சுருக்கி, கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "இம்ப்ராக்டிகல்" என்றால் போதும். எதிராளி வாயடைத்துப் போவார். நாமும் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. கொல்லையில் தக்காளிச் செடி வைக்கலாம் என்றார் அம்மா. இம்ப்ராக்டிகல். ஓடாத பைக்கை விற்றுவிடலாம் என்றார் அப்பா. அதுவும் இம்ப்ராக்டிகல்.

"அப்படீன்னா என்ன சாமி அர்த்தம்?" என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

"சொல்றதுக்கு நல்லாருக்கும், செய்ய ஆவாதும்மா. நடைமுறைக்கு ஒத்து வராது."

"அதைத் தமிழ்லயே சொல்லிப்போடு சாமி. நானும் கோவிச்சுக்கலாமில்ல?"

அந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். ராசிபுரத்துப் பெண், சுமதி. எனக்குப் பிடித்துப்போயிற்று. (இது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் சோறே இறங்கவில்லை.) ஆனால் எங்கள் பக்கம் பெண் பார்த்ததோடு காரியம் முடியாது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வர வேண்டும். விருந்து சாப்பிட வந்தவர்கள் மாதிரி வந்து, கிணறு, தோட்டம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள்.

எங்களிடம் பெருமையாகக் காட்ட இருந்தது போர்வெல் போடும் ரிக் வண்டிதான். அதிலும் ஒரு வில்லங்கம். வண்டி எங்களுடையது இல்லை, வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்களாம். தரகர் வந்து கிசுகிசுத்ததிலிருந்து அப்பாவுக்கு முகமே சரியில்லை. அவர்களாகக் கேட்காமல் நாமாகச் சொல்வது அசிங்கம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை இலையில் பொரியலுக்குப் பக்கத்தில் பரிமாறவும் முடியாது.

சித்திரை மாதம். வாசலில் பந்தல் போட்டும் வெக்கை தாங்கவில்லை.

"நாலு பெரிய ஃபேன் வாடகைக்கு எடுத்தாரலாம்" என்றார் அப்பா.

"இம்ப்ராக்டிகல்ப்பா. கரண்ட் போயிட்டா?"

"ஊட்டுக்குள்ளயே ரெண்டு பந்தியாப் போட்டுரலாம் சாமி" என்றார் அம்மா.

"இம்ப்ராக்டிகல்மா. ஒருத்தர் சாப்பிட, ஒருத்தர் வேடிக்கை பாக்கறதா?"

"அப்பறம் எப்படிங்கற?"

சொன்னேன். வடக்கே வேலை முடித்து வந்த ரிக், சர்வீசுக்காக வீட்டோரம் நின்றிருந்தது. கூடவே அதன் கம்ப்ரசர் வண்டியும். பூமிக்கு அடியில் பாறையைப் பொடியாக்கி, அந்தக் கல் மாவை மேலே ஊதித் தள்ளுவது அந்தக் கம்ப்ரசரின் காற்றுதான். அந்தக் காற்றைக் கொண்டு வருங்கால மாமனாருக்கு விசிறிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். பந்தலைச் சுற்றி பிளாஸ்டிக் குழாய் கட்டி, வரிசையாக ஓட்டை போட்டு, கம்ப்ரசர் ஹோசை அதில் மாட்டினேன். காகிதத்தில் கணக்குப் போட்டபோது தென்றலாகத்தான் வந்தது.

"ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாமாடா?" என்றார் அப்பா.

"இம்ப்ராக்டிகல்ப்பா. டீசல் வேஸ்ட்."

வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். ரிக் வண்டியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். பந்தியில் உட்கார்ந்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் சுமதியின் அப்பா பருப்பையும் நெய்யையும் பிசைந்துகொண்டே, "வெக்கையா இருக்குதுங்க" என்றார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். கம்ப்ரசர் அருகே நின்ற டிரைவர் பழனியண்ணனைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினேன்.

முதலில் குளுகுளுவென்று ஒரு காற்று வந்தது, சத்தியமாக வந்தது. "அட, ஏசிங்களா!" என்றார் சுமதியின் அம்மா. என் அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்து ஹோஸ் ஒரு இருமல் இருமியது. உள்ளே தங்கியிருந்த வடநாட்டுக் கல் மாவு மொத்தமும் பந்தலுக்குள் இறங்கியது. பதறிப்போய், நிறுத்தச் சொல்லிக் கைக்குட்டையை வேகவேகமாக ஆட்டினேன். இன்னும் காற்று வேண்டும் என்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்து, பழனியண்ணன் வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். குழாய் வெடித்தது. அப்பளங்கள் முதலில் கிளம்பின. பின்னாலேயே இலைகள், துண்டுகள், கடைசியாகப் பந்தல் துணி. பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் ஒரு அப்பளம் சாயங்காலம்வரை இருந்ததாகச் சொல்வார்கள்.

சத்தம் அடங்கியதும் பார்த்தால் எல்லோரும் ஒரே வெள்ளை. சுமதியின் அப்பா முன்னால் இலை இல்லை, சோறு இல்லை. பிசைந்த கை மட்டும் அப்படியே இருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு. (அதற்கான வண்டியும் பக்கத்திலேயே நின்றது.) போயிற்று, சுமதி சம்பந்தம் போயிற்று என்று மனசு அடித்துக்கொண்டது. அழுகையே வந்துவிட்டது.

அவர் இமையைத் துடைத்துக்கொண்டு ரிக்கைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது உங்க சொந்த வண்டிதானுங்களா?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

"அதானே பாத்தேன். வாடகை வண்டியா இருந்தா இந்தப் பையன் கையில குடுப்பீங்களா?" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "மூஞ்சியக் கழுவிட்டு வா, வெத்தலபாக்கு மாத்திக்கலாம்."

மறு சமையல் ஆகி, விருந்து வீட்டுக்குள்ளேயே இரண்டு பந்தியாக நடந்தது. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே என் காதோரம் மட்டும், "இது ஒத்து வருதுங்களா சாமி?" என்றார்.

சுமதி இப்போது இந்த வீட்டில்தான் இருக்கிறாள். 'இம்ப்ராக்டிகல்' என்கிற வார்த்தையும் அவள் வசம்தான் இருக்கிறது. போன மாதம் மைத்துனன் வீட்டுப் புதுமனை விருந்தில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உப்பு கேட்பதற்காகக் கையைத் தூக்கினேன். பந்தியில் இருந்த அத்தனை பேரும், அந்தச் சம்பவத்துக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த என் மகள் உட்பட, இடது கையால் இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் மட்டும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.